வீட்டுப் பியர்: கொதித்து முடிந்த பின்

பிரிட்டனில் 1963ஆம் ஆண்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் உரிமக் கட்டாயத்தை நீக்கியதிலிருந்து, சொந்தப் பயன்பாட்டிற்காக வீட்டிலேயே பியர் தயாரிப்பது அங்கு வார இறுதிக் கலையாகவே வளர்ந்துள்ளது. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை ஏறத்தாழ 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும்போது, தானியத்திலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. வெப்பம் சற்றுக் குறைந்தால் எளிதில் நொதிக்கும் சர்க்கரை மிகுந்து பியர் மெலிவாகவும், கூடினால் இனிப்பும் கனமும் மிக்கதாகவும் அமையும். வோர்ட் எனப்படும் அந்த இனிப்புச் சாற்றை, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைப்பதே காண்போரைக் கவரும் பகுதி எனினும், பியரின் தரம் பெரும்பாலும் அதற்குப் பின்னரே தீர்மானிக்கப்படுகிறது. கிருமிகள் ஆறிய சாற்றிலேயே எளிதில் பெருகும் என்பதால், அதைத் தொடும் குழாய், வாளி, மூடி ஆகிய அனைத்தையும் கிருமிநீக்கம் செய்வது முதற்பாடம். ஏல் வகைப் பியர் நொதிக்கும் கலனை 20 டிகிரிக்கு அருகில் நிலையாக வைத்து, ஈஸ்டை அதன் போக்கில் செயல்படவிடுவது, பொறுமையின்மையால் பலர் தவறவிடும் மிக முக்கியமான பாடம். நீர்மத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சில நாட்கள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டும்வரை புட்டியில் அடைக்கக் கூடாது. எஞ்சிய சர்க்கரை மூடிய புட்டிக்குள் நொதித்தால், கரியமில வாயுவின் அழுத்தம் தாங்காமல் கண்ணாடி வெடித்துச் சிதறும்.