நிப்பிசிங் ஏரியில் மூன்று நாட்கள்

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் நான் எழுதிய செய்திகள் பல்லாயிரம் இருக்கும். அவற்றுள் இன்று என் நினைவில் நிற்பவை மிகச் சிலவே. எழுதியவன் மறந்துவிடுகிறான், எவரைப் பற்றி எழுதினானோ அவர்கள் மறப்பதில்லை. இந்த எளிய உண்மையைக் கனடாவின் வடக்கே, உறைந்து கிடந்த ஓர் ஏரியின் கரையில் வைத்துத்தான் நான் அறிந்துகொண்டேன்.

2025 பெப்ரவரியில் மகளைப் பார்ப்பதற்காக ரொறொன்ரோ சென்றிருந்தேன். அந்த மாதத்தின் நடுப்பகுதியில் அடுத்தடுத்துக் கொட்டிய பனியில் நகரமே திணறிப்போயிருந்தது. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த என்னை மீட்க வந்தவர் அயலில் வசிக்கும் நண்பர். மயிலிட்டியில் பிறந்து, இளமையில் கடல் தொழில் செய்தவர். 1990 ஜூனில் ஊரோடு இடம்பெயர்ந்து, பின்னர் கனடா வந்து, தொழிற்சாலையொன்றில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவர். என்னிலும் நான்கைந்து வயது இளையவர். "அண்ணை, ஐஸுக்கு மேலை இருந்து மீன் பிடிக்கப் போவம், வாறீங்களோ?" என்று கேட்டார். அவருடைய மகன் தந்தையின் பிறந்தநாளுக்காக ஏற்பாடு செய்திருந்த பயணம் அது. மறுக்க மனம் வரவில்லை.

400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே சென்று, அது 69ஆம் இலக்கச் சாலையாக மாறிய பின்னும் நெடுந்தூரம் ஓடி, அல்பன் என்ற சிற்றூரில் கிழக்கே திரும்பி 64ஆம் இலக்கச் சாலையில் ஏறினோம். இருமருங்கும் கரும்பாறையும் ஊசியிலை மரங்களும். அதன் பிறகு ஒரு மண்பாதை. கைத்தொலைபேசி உயிரிழந்து வெகுநேரமாகியிருந்தது. பாதை முடிந்த இடத்தில் ஏழெட்டு மரக்குடில்கள். அவற்றின் முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெண்மை. அதுதான் நிப்பிசிங் ஏரியின் மேற்குக் கரம். சமையலுக்கும் கணப்புக்கும் விறகு, குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர், இரவில் ஓநாயோ நாயோ என்று பிரித்தறிய முடியாத ஓர் ஊளை. விடுதிக்காரர் அறுபதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர்.

நிப்பிசிங் என்ற பெயர் ஒஜிப்வே மொழியிலிருந்து வந்தது. சிறிய நீர் என்பது அதன் பொருள் என்கிறார்கள். ஆனால் ஏரியின் பரப்போ 870 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். பெரும் ஏரிகளுடன் ஒப்பிட்டுத்தான் இதனைச் சிறியது என்றார்கள் போலும். பரப்பு இவ்வளவு இருந்தும் சராசரி ஆழம் ஐந்து மீற்றருக்கும் குறைவு. ஆழம் குறைந்த நீர் என்பதால் கோடையில் காற்றடித்தால் விரைவில் கொந்தளிக்கும். 1615இல் பிரெஞ்சு நாடுகாண் பயணியான சாம்பிளேன் இவ்வேரியைக் கடந்து பிரெஞ்சு ஆற்றின் வழியே ஜோர்ஜியன் குடாவை அடைந்தார். அவருக்கு நெடுங்காலத்துக்கு முன்பிருந்தே நிப்பிசிங் ஆதிக்குடிகள் இங்கு மீன்பிடித்து வாழ்ந்தனர். இன்றும் வடகரையில் வாழும் அவர்கள், தமது மீன்பிடியைத் தாமே இயற்றிய சட்டத்தின்படி நடத்துகிறார்கள்.

முதல் நாட் காலை வெப்பமானி மறை 24 பாகை செல்சியஸைக் காட்டியது. ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டியின் பின்னால் கட்டிய சறுக்குப் பலகையில் எங்களை ஏற்றிக்கொண்டு விடுதிக்காரர் ஏரிக்குள் சென்றார். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில், பனியின் மீது ஒரு பலகைக் கொட்டில். உள்ளே இரண்டு வாங்குகள், ஒரு வாயு அடுப்பு, தரையில் இரண்டு துளைகள். அடுப்பின் நச்சுவாயு தேங்காதிருக்கக் காற்றுவழியை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது என்பது அவருடைய முதற் கட்டளை.

துளையிடுவதற்குப் பெரிய துறப்பணம் போன்ற ஒரு கருவி. அது ஒன்றரை அடி பனிக்கட்டியைக் குடைந்து இறங்கியதும் கருநிற நீர் குபுக்கென்று மேலே வந்தது. இவ்வளவு குளிரில் ஏரி அடிவரை உறையாதது ஏன் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்; மறந்திருந்தேன். நீர் 4 பாகை செல்சியஸில்தான் அடர்த்தி மிக்கது. அந்த நீர் அடியில் தங்க, அதனிலும் குளிர்ந்த நீர் மேலே மிதந்து உறைகிறது. உறைந்த பனிக்கட்டியே கீழுள்ள நீருக்குப் போர்வையாகிவிடுகிறது. அந்தப் போர்வையின் கீழ் மீன்கள் மாரிகாலம் முழுவதும் மெதுவாக நீந்திக்கொண்டிருக்கின்றன.

கையளவு நீளமான தூண்டிற் கோல், மெல்லிய தங்கூசி, கொளுக்கியில் ஒரு சிறு மீன்குஞ்சு. ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். என்னைப் போன்ற வெளிநாட்டவர் அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டும். 65 வயதைக் கடந்த கனடா வாசியான நண்பருக்கு அடையாள அட்டையே போதும். "வயசு போனதுக்கு இந்த நாடு தந்த பரிசு" என்று சிரித்தார். சிறிது நேரத்தில் ஏரியின் அடிவயிற்றிலிருந்து பீரங்கி முழங்கியதைப் போல ஓர் ஓசை எழுந்து, எங்கள் காலடியில் ஓடி மறைந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நண்பரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இத்தகைய முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடல் தானாகவே குனியும். வெப்பம் மாறும்போது பனிக்கட்டி விரிந்தும் சுருங்கியும் எழுப்பும் ஒலி அது, அஞ்சத் தேவையில்லை என்றார் நண்பரின் மகன்.

அன்று ஒன்பது மஞ்சட் பேர்ச் மீன்கள் கிடைத்தன. உள்ளங்கையிலும் சற்று நீளமானவை. நண்பர் ரொறொன்ரோவிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளும் புளியும் சேர்த்துக் குழம்பு வைத்தார். "உப்பில்லாத தண்ணியிலை வளர்ந்த மீன், எங்கடை மீனின்ரை ருசி வராது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

அன்றிரவு பனி கொட்டியது. விடிந்தபோது கதவைத் திறக்க முடியவில்லை. காற்று ஊளையிட்டது. விடுதிக்காரர் நீண்ட இரும்புக் கோலொன்றை ஊன்றியபடி தனியாக ஏரிக்குள் நடந்து சென்றார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், இன்று எவரும் செல்ல முடியாது என்று அறிவித்தார்.

ஒன்றரை அடிப் பனிக்கட்டியில் என்ன ஆபத்து என்று எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையுடன் விளக்கினார். புதிய பனியின் பாரம் பனிக்கட்டியை அமிழ்த்த, வெடிப்புகளின் வழியே நீர் மேலேறி, பனியின் அடியில் சேறுபோல நிற்கிறது. அதில் வண்டி புதைந்தால் கால் நனையும். இந்தக் குளிரில் நனைந்த கால் தப்பாது. கொட்டில்களுக்குச் செல்லும் வழியில் ஒரு பெரிய பிளவும் திறந்திருக்கிறது. அதனைப் பனி மூடிவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது. தடிப்பை மட்டும் வைத்துப் பனிக்கட்டியை நம்பக்கூடாது. தெளிந்த நீலநிறக் கட்டி வலிமையானது. வெண்ணிறக் கட்டிக்கு ஏறக்குறைய அதன் பாதி வலிமைதான். சாம்பல் நிறம் என்றால் விலகி நட.

அடுத்த குடிலில் தங்கியிருந்த இளைஞர்கள் நால்வர் வாதாடினார்கள். நெடுந்தூரம் வந்திருக்கிறோம், பணம் கட்டியிருக்கிறோம், எங்கள் பொறுப்பில் செல்கிறோம் என்றார்கள். விடுதிக்காரர் குரலை உயர்த்தவில்லை. அன்றைய கட்டணத்தை அனைவருக்கும் திருப்பித் தருவதாகக் கூறிவிட்டு வண்டிகளின் சாவிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் வசதி படைத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. 2023-24 மாரிகாலம் கனடாவில் பதிவான மாரிகாலங்களிலேயே வெப்பம் மிகுந்தது. ஏரி பிந்தி உறைந்து முந்தி இளகியது. அந்த ஆண்டு முன்பதிவுகளிற் பெரும்பகுதியைத் தாம் இரத்துச் செய்ததாகவும், விடுதியை விற்றுவிடலாமா என்று மனைவியுடன் ஆலோசித்ததாகவும் முதல்நாள் மாலை எங்களிடம் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் வருமானம் பெரிது.

குடிலில் கணப்பின் முன்னால் அமர்ந்திருந்தோம். மகன் உறங்கப் போய்விட்டான். நண்பர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணை, அந்த மனிசன் 'இல்லை' எண்டு சொல்லிப்போட்டுச் சாவியைப் பையுக்கை போட்டான். எங்கடை ஐயாவாலை அப்படிச் சொல்ல முடியேல்லை."

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு மார்கழி. வாடைக்காற்று மூர்க்கமாக வீசிய நாட்கள். வடகடல் அப்போது எப்படி இருக்கும் என்பது அக்கரையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அவருடைய தந்தையும் இன்னொருவரும் கடலுக்குச் சென்றார்கள், திரும்பவில்லை. அப்போது நான் அப்பகுதியின் நிருபர். துவிச்சக்கர வண்டியில் அவர்கள் வீட்டுக்குச் சென்று, முற்றத்தில் நின்றவர்களிடம் பெயரும் வயதும் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். எனக்கு அது நினைவில் இல்லை. பதினேழு வயதுப் பையனாகத் திண்ணையில் இருந்து அவர் என்னைப் பார்த்திருக்கிறார். நான்கு வரிச் செய்தி. அதில், வானிலை எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்றவர்கள் என்று எழுதியிருந்தேன்.

"அந்த 'மீறி' எண்ட சொல்லைத்தான் அண்ணை அம்மாவாலை தாங்க முடியேல்லை. ஊரிலை எல்லாரும் அதைத்தான் சொல்லிச்சினம். சொல்வழி கேளாமல் போனவர் எண்டு. அம்மா சாகும்வரைக்கும் அந்தத் துண்டைப் பெட்டியிலை வைச்சிருந்தவ."

தந்தைக்குச் சம்மாட்டியாரிடம் கடன் இருந்தது. பதினொரு நாட்களாகத் தொழில் இல்லை. வள்ளமும் வலையும் சம்மாட்டியாருடையவை. போகாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதல்நாள் மாலை அவர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவை யாவும் அன்று அந்த முற்றத்தில் நின்ற அனைவருக்கும் தெரிந்திருந்தன. நான் கேட்கவில்லை. எச்சரிக்கை இருந்ததா என்று கேட்டேன், இருந்தது என்றார்கள், எழுதினேன்.

"இத்தனை வருசம் பக்கத்துப் பக்கத்திலை பழகியும் ஏன் தம்பி சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொல்லி என்ன அண்ணை, உங்களிலை கோவம் எண்டில்லை. இண்டைக்கு இந்த மனிசனைப் பாத்த உடனை வாயிலை வந்திட்டுது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து கணப்பில் இன்னொரு விறகை வைத்தார்.

மூன்றாம் நாள் காற்று அடங்கியிருந்தது. விடுதிக்காரர் பிளவைச் சுற்றி வேறு வழி கண்டு, மரக்கிளைகளை நட்டு அடையாளமிட்டிருந்தார். பொழுது சாயும் வேளையில் நண்பரின் தூண்டில் வளைந்தது. தங்கூசியை விரல்களாலேயே இழுத்தும் தளர்த்தியும் அவர் மீனை மேலே கொண்டுவந்த விதத்தில் ஐம்பது வருடப் பழைய கை தெரிந்தது. வோல்ஐ என்ற மீன். பொன்னிற உடல், மங்கிய ஒளியிலும் பார்க்கவல்ல, கண்ணாடிபோல் மினுங்கும் பெரிய கண்கள். இவ்வேரியின் புகழே அம்மீன்தான். அதன் தொகை குறைந்துபோனதால், 46 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை வைத்திருக்கக் கூடாது என்பது அப்போது இங்கிருந்த விதி. மகன் அளவுகோலை நீட்டினான். 44 சென்ரிமீற்றர்.

யாரும் பார்க்கவில்லை. கரை ஒரு கிலோமீற்றர் தூரம். நண்பர் மீனை இரு கைகளாலும் ஏந்தித் துளைக்குள் இறக்கினார். அது ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு வாலை வீசிக் கருமைக்குள் மறைந்தது. "விடக்கூடிய நிலைமையிலை இருக்கிறன் அண்ணை" என்றார்.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனையண்டிய பகுதியும் விடுவிக்கப்பட்டன. மறுவருடம் அவர் ஊருக்குச் சென்று, தந்தை புறப்பட்டுப் போன கரையில் நின்றுவிட்டு வந்திருக்கிறார். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. அந்தத் தகரப்பெட்டியும் பத்திரிகைத் துண்டும் 1990இலேயே போய்விட்டன.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடுவது எங்கள் தொழில் மரபு. அந்தச் செய்தியை வெளியிட்ட பத்திரிகையில் இன்று எனக்கு இடமில்லை. ஆகவே, நண்பரின் சம்மதத்துடன், பெயர் வேண்டாம் என்ற அவருடைய வேண்டுகோளையும் மதித்து, ஐம்பது ஆண்டுகள் பிந்திய திருத்தத்தை இங்கே பதிவு செய்கிறேன்:

மயிலிட்டிக் கடலில் மார்கழி மாதம் காணாமற்போன கடற்றொழிலாளர் இருவரும் எச்சரிக்கையை அறிந்திருந்தனர். கடனும் பசியும் அவர்களைக் கரையில் நிற்க விடவில்லை. அவர்கள் எதையும் மீறவில்லை.