ஹல் பட்டையும் ஏர்லொக்கும்

கண்டியில் இனிப்பான எதையும் ஈரத்தோடு மூடி வைத்துவிட்டு மறந்துபோக முடியாது. நறுக்கிய அன்னாசி ஓர் இரவு மேசையில் கிடந்தால் மறுநாள் நாக்கைக் கடிக்கும். கித்துள் பாணிப் போத்தலுக்குள் ஈரக் கரண்டி போய்விட்டால், சில நாளில் மூடியைத் திறக்கும்போதே அது ஒரு சத்தம் போட்டுத் தன் கோபத்தைச் சொல்லும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். வருடம் முழுக்க 24, 25 பாகையைச் சுற்றியே வெயிலும் மழையும். நொதிக்கும் கிருமிக்கு இதைவிட வசதியான ஊர் அமையாது. இப்படிப்பட்ட ஊருக்குத்தான், ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகன் ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருந்தான்: வீட்டிலேயே தேன்மது செய்வதற்கான ஆரம்பநிலைப் பெட்டி.

பெட்டி அழகாக இருந்தது, மறுக்க முடியாது. ஒரு கலன் கொள்ளும் கண்ணாடிக் குடுவை, அதன் வாய்க்கு ரப்பர் அடைப்பான், அடைப்பானின் ஓட்டையில் செருக ஏர்லொக் என்ற வளைந்த பிளாஸ்டிக் குழாய். அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் உள்ளே உண்டாகும் வாயு குமிழ் குமிழாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. இவற்றோடு கழுவுவதற்கு ஒரு தூள், மாற்றி ஊற்ற ஒரு நீள ரப்பர் குழாய், மிதக்கவிட்டு அளக்கும் கண்ணாடி ஹைட்ரோமீற்றர், 5 கிராம் ஈஸ்ட், அந்த ஈஸ்ட்டுக்குத் தனியாக ஒரு பொட்டலம் சாப்பாடு. இந்தச் சாப்பாடு எதற்கு என்றுதான் முதலில் யோசித்தேன். தேனில் சர்க்கரைக்குக் குறைவில்லை. ஆனால் ஈஸ்ட் பெருகுவதற்கு வேண்டிய நைதரசன் அதில் மிகக் கொஞ்சம். திராட்சைச் சாற்றில் இருப்பது தேனில் இல்லை. ஆகவே ஊட்டம் கொடுக்காவிட்டால் ஈஸ்ட் பாதி வழியில் களைத்துப்போய், அழுகிய முட்டை வாடையை விடும்.

“மாமா, எல்லாம் உள்ளே இருக்கு. தேனும் தண்ணியும் மட்டும்தான் நீங்க போடணும்” என்றான் தொலைபேசியில்.

செய்முறையும் எளிதுதான். 3 இறாத்தல் தேனைத் தண்ணீரில் கரைத்து ஒரு கலனாக்க வேண்டும். ஹைட்ரோமீற்றர் 1.100 அளவில் மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்னக் கரைசலின் அடர்த்தி குறைந்து, அது 1.000க்கு இறங்கும்போது சாராயச் செறிவு ஏறக்குறைய 13 சதவீதம். நொதிப்பு சில கிழமைகளில் அடங்கிவிடும். பிறகு தெளிந்து பதப்படப் பல மாதம். தேன்மதுக்காரர்கள் விரும்பும் சில ஈஸ்ட் வகைகள் 20 பாகைக்குக் கீழேதான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மேலே போனால் தொண்டையைச் சுடும் காரச் சாராயங்களைக் கலந்துவிடும். நுவரெலியாவில் என்றால் அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கண்டியில் குடுவையைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கி, ஈரத்துணி சுற்றி, காய்ச்சல் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும்.

அதெல்லாம் கிடக்கட்டும். அவன் ‘மட்டும்’ என்று சொன்ன தேனுக்கு வருவோம். 3 இறாத்தல் என்பது ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. நம் கணக்கில் ஒன்றேகால் போத்தலுக்கு மேல். இங்கே தேன் பழைய சாராயப் போத்தலில்தான் பெரும்பாலும் விற்பனைக்கு வரும். தேன் மதுவாகாமலேயே மதுப்போத்தலில் குடியிருக்கும் ஊர் இது. அதில் எது தேன், எது சீனிப்பாகு என்று கண்டுபிடிக்க ஆளுக்கொரு சோதனை: தாளில் ஒரு சொட்டு விடுவார்கள், தீக்குச்சியை முக்கி உரசுவார்கள், தண்ணீரில் நூல்போல் இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். நன்றாகக் காய்ச்சிய பாகு இந்த எல்லாப் பரீட்சையிலும் பாஸ் பண்ணிவிடும். தெரிந்த ஆளிடம் வாங்குவது ஒன்றே சோதனை. நம் பெட்டிகளிலும் முட்டிகளிலும் வளர்வது சிறிய ஆசியத் தேனீ. ஐரோப்பியத் தேனீயைப்போல் அது குவித்துத் தராது. அதன் தேனில் நீரும் கூடுதல். உலக உணவுத் தரம் தேனுக்கு விதித்திருக்கும் ஈரப்பத எல்லை 20 சதவீதம். மழைக்காலத்தில் எடுக்கும் நம் தேன் அதைச் சுலபமாகத் தாண்டும், தாண்டினால் தானாகவே நுரைக்கும். ஆகவே நல்ல தேன் கிடைத்தால் எங்கள் வீடுகளில் அது மருந்து அலுமாரிக்குப் போகும். சூரணம் குழைக்க ஒரு கரண்டி, இருமலுக்கு அரைக் கரண்டி. அதை முழுப் போத்தலாகத் தண்ணீரில் கவிழ்ப்பதற்குக் கனடாச் சம்பளம் வேண்டும்.

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பற்காரர் 1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பிப்போகும்வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூலில் தேனீக்களுக்கும் இடம் உண்டு. மூன்று வகையைப் பிரித்துச் சொல்கிறார். காட்டில் வாழ்ந்த வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியைப் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துப் பாதுகாத்ததையும் எழுதியிருக்கிறார். தேனை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் பாருங்கள்: கெடாமல் வைத்திருக்க. தண்ணீர் சேராத தேனுக்குள் கிருமிகள் பெருக முடியாது. இருக்கிற ஈரத்தையும் தேன் உறிஞ்சிவிடும். பெட்டிக்காரர்கள் அந்தக் காவலைத் தண்ணீர் விட்டுக் கலைத்துவிட்டு, பிறகு கிருமியை விலைக்கு வாங்கி உள்ளே அனுப்புகிறார்கள்.

இந்த ஊரின் கெட்டித்தனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கித்துள் மரத்தடியில் நின்றால் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கூந்தற்பனை என்பார்கள். தும்பறை மலைப்பக்கம், மீமுரே போகும் வழியில், இன்றும் மரத்தில் முட்டி தொங்குவதைக் காணலாம். பாளையில் மருந்து வைத்துக் கட்டிப் பழக்கி, பிறகு காலையும் மாலையும் மெல்லிய சீவலாகச் சீவிவர வேண்டும். சாதாரண மரமே நாளுக்கு மூன்று நான்கு கலன் தரும் என்று நொக்ஸ் எழுதியிருக்கிறார். இனிப்பானது, உடம்புக்கு நல்லது, ஆனால் தண்ணீரைவிட வீரியம் இல்லை என்றும் சேர்த்திருக்கிறார். அவர் குடித்தது உடனே இறக்கிய பதநீராக இருக்க வேண்டும். மத்தியானம்வரை காத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்.

ஏனென்றால் கித்துள் சாறு மரத்தில் சொட்டும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். யாரும் ஈஸ்ட் போட வேண்டாம். காற்று, வண்டு, பழைய முட்டியின் சுவர், ஏதாவது ஒன்று கொண்டுவந்துவிடும். பாணி காய்ச்சுகிறவருக்குத்தான் இது பெரிய தொல்லை. புளித்த சாறு கொதிக்கும்போது இறுகாது, கருப்பட்டி பிடிக்காது. அதனால் முட்டியைக் கழுவிச் சூடுகாட்டி, அடியில் சிங்களத்தில் ஹல் என்று சொல்லும் மரத்தின் பட்டையைச் சில துண்டு போட்டு ஏற்றுவார்கள். பட்டையின் துவர்ப்பு கிருமியின் கையைக் கட்டிப்போடும். முழுதாக நிறுத்தாது, அடுப்பு மூட்டும்வரை நேரம் வாங்கித் தரும். பட்டை கூடினால் பாணி துவர்க்கும், குறைந்தால் புளிக்கும். அளவுக் கரண்டி ஒன்றும் கிடையாது.

பெட்டியிலிருந்த ஹைட்ரோமீற்றரை ஒருமுறை இப்படிப் பாணி காய்ச்சும் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். காலையில் இறக்கிய இரண்டு முட்டி வாசலில் இருந்தன. ஒன்றில் பட்டை போட்டது, மற்றது போடாதது. பட்டை போட்ட சாற்றில் கண்ணாடிக் குழாய் தலையை நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு மிதந்தது. மற்றதில் அமிழ்ந்து நின்றது. குழாயின் உடம்பெங்கும் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டன; தட்டிவிடத் தட்டிவிட மறுபடி ஏறின. அவர் சிரித்துக்கொண்டே இரண்டிலும் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். “இது பாணிக்கு, அது பின்னேரத்துக்கு, மாத்தயா” என்றார். கண்ணாடி சொன்னதும் அதுதான். அவருடைய மனைவி அதற்குள் முதல் முட்டியை வடிகட்டி அடுப்பிலே ஏற்றிவிட்டார். எங்கள் ஆராய்ச்சிக்காகச் சாறு காத்திருக்காது.

அந்த மிதக்கும் கண்ணாடிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. சாராயத்தின் வீரியத்தை அளந்து வரி போடுவதற்காக இங்கிலாந்து 1816இல் சைக்ஸ் என்பவரின் ஹைட்ரோமீற்றரைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. பொழுதுபோக்குப் பெட்டியில் வருவது வரிக்காரர் கருவியின் ஒன்றுவிட்ட தம்பி. வரிக்காரர் என்றதும் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தைச் சொல்லாமல் தீராது. அதற்கு முன்பு சாராயமும் கள்ளும் குத்தகைக்காரர் கையில் இருந்தன. அந்தச் சட்டம் எல்லாவற்றையும் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. மதுவிலக்கு இயக்கம் அந்த ஆண்டுகளில் மறுபடி சூடுபிடித்ததற்கும் அதுவே காரணம். கனடாவில் ஒருவர் தன் வீட்டுக்குத் தேவையான வைனைத் தானே செய்துகொள்ளலாம். இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது வடிக்க முடியாது. தேனில் வடித்தேன், பூவில் வடித்தேன் என்று மதுவரித் திணைக்களத்திடம் கவிதை பேச முடியாது.

அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். சம்பள நாளில் தவறணை வாசலில் காத்து நின்ற பெண்களைத் தோட்டத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். கசிப்பு குடித்து எந்த வீடு என்னவானது என்றும் தெரியும். மது ஒரு விளையாட்டுப் பொருளாக, வழுவழுப்பான அட்டைப்பெட்டியில், சிரிக்கும் தேனீப் படத்தோடு வருவது எங்களுக்குக் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும்.

அதற்காகத் தேன்மதுவே நமக்கு அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. திருமுருகாற்றுப்படையில் வேட்டுவர்கள் நீண்ட மூங்கிலுக்குள் முதிரவைத்த தேன்மதுவைச் சுற்றத்தோடு குடித்துக் குரவை ஆடுகிறார்கள். மலைபடுகடாத்திலும் அந்த மூங்கில் தேறல் வருகிறது. போலந்துக்காரர்களும் எத்தியோப்பியர்களும் தங்கள் தேன்மதுவைப் பற்றிப் பெருமை பேசும்போது, குறிஞ்சி நிலத்து மூங்கிலை நாமும் எடுத்துப் போடலாம். பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரம் நிற்கும் இராட்சத மூங்கிலைக் கடக்கும்போதெல்லாம், அதன் ஒரு கணுவுக்குள் எத்தனை போத்தல் பிடிக்கும் என்று என் கண் தானாகவே அளக்கும். நார்பட்ட உள்சுவர், இருபுறமும் இயற்கை போட்ட அடைப்பு. மலைத்தேன் அள்ளக் கிடைத்த காலத்துக் குடுவை அது.

பெட்டி வீணாகவில்லை. எங்கள் வீட்டில் நத்தாருக்கு இஞ்சி பியர் செய்யும் பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுப் பறங்கி அம்மா அந்தக் காலத்தில் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது. தட்டிய இஞ்சி, சீனி, தேசிக்காய்ச் சாறு, இரண்டு கராம்பு, நுள்ளு ஈஸ்ட். போத்தலுக்கு இரண்டு மூன்று பிளம்ஸ். இங்கே பிளம்ஸ் என்றால் காய்ந்த திராட்சைதான். முதலில் அடியில் கிடக்கும். நுரை பிடித்ததும் ஒவ்வொன்றாக ஊதி மேலே வரும். எல்லாம் மேலே வந்துவிட்டால் குடிக்கலாம். உடனே குளிரில் வைத்துவிட வேண்டும். விட்டால் போத்தல் வெடித்து நடுச்சாமத்தில் தெருவே எழும்பும். கனடாவின் ஈஸ்ட் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணாடிக் குடுவை கரைசல் கலக்க உதவியது. ஏர்லொக் உதவவில்லை: அது வாயுவை வெளியே விட்டுவிடும், இஞ்சி பியருக்கோ வாயுதான் உயிர்.

மருமகனிடம் படம் அனுப்பினேன். தேன் எங்கே என்று கேட்டான். கண்டியில் நல்ல தேன் ஒரு போத்தல் என்ன விலை போகிறது என்று எழுதினேன். அடுத்த முறை வரும்போது அங்கிருந்தே தேன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். கொண்டுவரட்டும், அம்மாவின் இருமலுக்கு ஆகும்.