குடிக்கும் தந்தையும் பிள்ளைகளின் கடமையும்

மது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் குழந்தை இல்லை. மதரஸாவில் அலிஃப், பே ஓதும் வயதிலேயே அது நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஹராம் சொந்த வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தப் பயானிலும் நாங்கள் கேட்டதில்லை. குடி எந்த வீட்டுக்கும் துன்பம்தான். நம் வீடுகளிலோ ஊருக்கு அஞ்சும் அவமானமும் அதனோடு சேர்ந்துகொள்வதால், அது இன்னும் ஆழமாக மறைக்கப்படுகிறது. மறைக்கப்படும் நோய்க்கு மருந்து கிடைப்பதில்லை. ஆகவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் மூவர், இரு சகோதரிகள், ஒரு தம்பி. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தோம். அத்தா 11 ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். குடிக்காத நேரத்தில் எங்களை மடியில் அமர்த்தி யாசீன் ஓதக் கற்றுத் தந்தவர் அவர்தாம். குடித்துவிட்டால் சோற்றுத் தட்டை வீசுபவரும் அவர்தாம். இருவரும் ஒரே மனிதர் என்பதை ஏற்பதுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. இஷாவுக்குப் பின் அம்மா ஜன்னல்களைச் சாத்திவிடுவார். வாசலில் கேட்கும் செருப்போசையைக் கொண்டே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணிக்கப் பழகிக்கொண்டோம். தோழியரை வீட்டுக்கு அழைத்ததே இல்லை.

தம்பிக்கு 15 வயதானபோது ஒரு சோதனை வந்தது. நண்பர் வீட்டில் வைத்திருந்த பாட்டிலை எடுத்து வருமாறு அத்தா அவனிடம் சொன்னார். "சோறு எடுத்து வைக்கிறேன் அத்தா, கால் பிடிச்சு விடுறேன். அதை மட்டும் என் கையால தொட மாட்டேன்" என்றான் அவன். அன்று அடி விழுந்தது. பெற்றோர் சொல்லை மீறிவிட்டோமோ என்று அவன் அழுதுகொண்டே மதரஸா ஹஜ்ரத்திடம் சென்று கேட்டான். இணைவைக்கும்படி பெற்றோரே வற்புறுத்தினாலும் அதற்குக் கீழ்ப்படியாமல், அதே வேளையில் இவ்வுலகில் அவர்களோடு நல்ல முறையில் உறவாட வேண்டும் என்று சூரா லுக்மான் கற்பிப்பதை ஹஜ்ரத் விளக்கினார். பாவத்தில் கீழ்ப்படிதல் இல்லை; அதற்காகப் பணிவிடையும் மரியாதையும் நின்றுவிடுவதில்லை. எங்கள் மூவருக்கும் அந்த விளக்கமே வழிகாட்டியாயிற்று.

மற்றொரு செய்தியையும் அவர் சொன்னார். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்டார். மீண்டும் அவர் கொண்டுவரப்பட்டபோது கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்து, அந்த மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது. செயல் ஹராம் என்பதில் அணுவளவும் தளர்வு இல்லை. ஆயினும் அந்த மனிதர் கைவிடப்படவில்லை. குடிக்கும் தந்தையை வெறுக்காமலேயே குடியை வெறுக்க முடியும் என்பதை அங்கேதான் கற்றோம்.

ஒவ்வொரு ரமலான் பிறையிலும் அத்தா குடியை நிறுத்த முயல்வார். ஓர் ஆண்டு மூன்றாம் நோன்பில் அவர் உடல் நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது; இல்லாதவற்றைக் கண்டு பேசலானார். ஜின் பிடித்திருப்பதாக உறவினர் சிலர் கூறினர். அம்மா பெரியத்தாவை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைந்தார். நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம், எனவே மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். அதை அறியாமல் எத்தனையோ வீடுகளில் குடிப்பவரை அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். நோயாளி நோன்பைப் பின்னர் நிறைவேற்றிக்கொள்ள மார்க்கம் இடம் தந்திருக்கிறது. சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு நோன்பு காரணமாக வேண்டியதில்லை.

உணவில் அவருக்குத் தெரியாமல் கலக்கச் சொல்லி ஒருவர் பொடி கொண்டுவந்தார். அம்மா அதைத் தொடவில்லை. குடியை நிறுத்தத் தரப்படும் சில மருந்துகள், உட்கொண்ட பின் மது அருந்தினால் உடலைக் கடுமையாகப் பாதிப்பவை. நோயாளி அறியாமல் அவற்றைக் கொடுப்பது அவர் உயிரோடு விளையாடுவதாகும்.

அக்காவுக்கு வரன் வந்தபோது மறைப்பதா, சொல்வதா என்று வீட்டில் பெரும் விவாதம் எழுந்தது. நிக்காஹ் என்பது அமானத் என்று கூறி, அம்மா உண்மையைச் சொன்னார். முதலில் வந்தவர்கள் விலகிச் சென்றனர். ஓராண்டுக்குப் பின் வந்தவர்கள், "எங்க வீட்லயும் ஒருத்தங்க இருந்தாங்க" என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், அங்கேதான் நிக்காஹ் நடந்தது.

இதே நிலையில் வாழும் பிள்ளைகளுக்கு, அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். தந்தையின் குடிக்கு நீங்கள் காரணம் அல்லர். உங்கள் மதிப்பெண்ணும் நடத்தையும் அதை உண்டாக்கவில்லை. போதையில் இருப்பவரிடம் வாதாடாதீர்கள், காலையில் பேசுங்கள். வண்டிச் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். அடி விழும் வீடாயின், நம்பகமான உறவினர் வீட்டுக்குச் செல்வது அவமரியாதை ஆகாது. சிறுவர்களுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்கள் உள்ளன.

மஹல்லா ஜமாஅத்துகளிடமும் ஒரு வேண்டுகோள். குடிப்பவரைக் கூட்டத்தில் நிறுத்தி அவமதித்தால், அதன் சுமை அவர் மனைவி மக்கள் மீதே இறங்குகிறது. அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், அந்த வீட்டின் செய்தி வெளியே போகாமல் காக்கவும் இருவர் முன்வந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

அத்தா சிகிச்சைக்குப் பின் இருமுறை சறுக்கினார். இருமுறையும் மருத்துவரிடம் திரும்பினார். இரண்டாம் முறை எவரும் சொல்லாமல் தாமே சென்றார். இப்போது குடிக்காமல் 14 மாதங்கள் ஆகின்றன. நாளை எப்படி இருக்கும் என்பது அல்லாஹ்வுக்கே தெரியும். எங்கள் அத்தாவுக்காகவும், இன்றிரவு ஜன்னல்கள் சாத்தப்பட்டிருக்கும் வீடுகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.