அந்த மூட்டை எங்கே?

போன பெருநாள் முடிந்த கையோடு சம்பூருக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளியின் வீடு. அவன் சம்பூர், நான் மூதூர். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ரீவியில் ஒரு யுத்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

தூரத்து மலையடியில் ஷெல் விழுகிறது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வருகின்றன. கூட்டாளி சிரித்துவிட்டான்.

"மச்சான், அவ்வளவு தூரத்தில விழுந்தா சத்தம் உடனே கேட்குமா?"

ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். வெளிச்சத்தைக் கண்டபின் மூன்று வரை எண்ணிச் சத்தம் கேட்டால், ஷெல் ஒரு கிலோமீற்றர் தள்ளி விழுந்திருக்கிறது. கொட்டியாரக் குடாக் கரையில் 2006 இல் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்குத் தெரியும்.

அடுத்து சனம் ஓடும் காட்சி. ஒரு தாய் இடுப்பில் பிள்ளையோடும் கையில் மூட்டையோடும் ஓடுகிறாள். கமெரா மறுபக்கம் திரும்புகிறது. பிள்ளை இருக்கிறது, மூட்டையைக் காணோம். நாங்கள் அதற்கும் சிரித்தோம். குசினி வாசலில் நின்ற கூட்டாளியின் மனைவி சிரிக்கவில்லை.

"அந்த மூட்டை எங்க அண்ணன்?" என்று கேட்டார்.

2006 ஏப்ரலில் குண்டுவீச்சு தொடங்கியபின் சம்பூர்ச் சனம் வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்தது. அவர் கையிலும் ஒரு மூட்டை இருந்தது. காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், கலியாணப் படம். வழியில் எங்கோ தவறிவிட்டது. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பியபோது, தன் வளவு தன்னுடையதுதான் என்று காட்ட அவர் கந்தோர் கந்தோராக அலைந்தார்.

திரும்பி வரும்போது, நமது கித்துல்கலையில் டேவிட் லீன் எடுத்த 'க்வாய் நதிப் பாலம்' நினைவுக்கு வந்தது. 1957 இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்ற படம். கதை நடப்பது தாய்லாந்தில். ஓடுவது களனி கங்கை. படத்தில் கொமாண்டோக்கள் வைத்த வெடியில் பாலம் தகர்கிறது. உண்மைப் பாலத்தை 1945 இல் நேச நாட்டு விமானங்களே குண்டுவீசி உடைத்தன. இந்தப் பிழைகளைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் 415 கிலோமீற்றர் நீளமான அந்த ரயில் பாதையில் நேச நாட்டுக் கைதிகள் சுமார் 12,000 பேர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர் அதைப்போல் பல மடங்கு. அவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

சீருடை பிழைத்தால் தெரிந்தவன் ஒருவன் சொல்லுவான். காட்சியிலேயே இல்லாத மனிதனைப் பற்றிப் படம் பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்?

2006 ஓகஸ்ட்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய் நோக்கி இடம்பெயர்ந்தார்கள். அந்தப் பயணத்தை எந்தப் படத்திலும் நான் இன்னும் காணவில்லை. உம்மா அன்று தூக்கி வந்தது ஒரு கேத்தலும் வீட்டுத் திறப்பும். யாராவது படம் எடுத்தால், காட்சிக்குக் காட்சி அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.