ஒரு நாளின் விலை 8,000 டாலர்

கடலை நாள் கணக்கில் வாடகைக்கு விட முடியுமா? பசிபிக் பெருங்கடலில் எட்டுத் தீவு நாடுகள் அதைத்தான் செய்து வருகின்றன.

கிரிபாட்டி, துவாலு, நவுரு, மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா, பலாவ், சாலமன் தீவுகள், பப்புவா நியூ கினி. 1982-ல் போடப்பட்ட நவுரு ஒப்பந்தத்தின் உறுப்பினர்கள் இவர்களே. டின்களில் வரும் வரிச்சூரை மீனில் உலக அளவில் ஏறக்குறையப் பாதி இவர்கள் கடலில் கிடைக்கிறது. 2007 இறுதியில் ஒரு முறையை நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள்: ஆண்டுக்கு இத்தனை மீன்பிடி நாட்கள்தான், வேண்டிய கப்பல் காசு கொடுத்து வாங்கட்டும். 2015 முதல் ஒரு நாளின் அடிப்படை விலை 8,000 டாலர்.

நல்ல வியாபாரம்தான். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நாளுக்குக் காசு கொடுத்தவர் அந்த நாளில் எவ்வளவு அதிகம் பிடிக்கலாம் என்றுதானே பார்ப்பார்? அங்கேதான் மிதவை வருகிறது.

ஒரு தெப்பம், 2023 வரை அடியில் தொங்கிய பழைய வலை, மேலே செயற்கைக்கோள் கருவி. மிதக்கும் பொருளைச் சுற்றி மீன் கூடும். கீழே எவ்வளவு மீன் என்பதை எதிரொலிக் கருவி கப்பலுக்குச் சொல்லிவிடும். தேடி அலையும் டீசல் மிச்சம். போய் சுருக்குமடி வலையால் வளைக்க வேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், வரிச்சூரையோடு பெருங்கண் சூரையின் குஞ்சுகளும் அங்கே கூடுகின்றன. வளரவிட்டால் ஜப்பானிய சஷிமிக்கு நல்ல விலை போகும் மீன், குஞ்சிலேயே டின் விலைக்குப் போகிறது. லாபம் சுருக்குமடிக் கப்பலுக்கு. நஷ்டம் ஆயிரங்கால் தூண்டில் போடுபவருக்கு. ஒருவர் செலவை இன்னொருவர் தலையில் கட்டுவதைச் சந்தை தானாகச் சரிசெய்யாது.

ஆகவே, நாளை எண்ணினால் போதாது, மிதவையையும் எண்ண வேண்டும். 2009-ல் மிதவையருகே வலை வீச இரண்டு மாதத் தடை வந்தது. மறு ஆண்டே அது மூன்று மாதமானது. 2018 முதல் ஒரு கப்பலுக்கு ஒரே நேரத்தில் இயங்கும் மிதவைகள் 350-க்கு மேல் கூடாது. பெருங்கண் சூரையின் நிலை தேறியதாகக் கணிப்புகள் சொன்னதும், 2024-ல் தடை ஒன்றரை மாதமாகச் சுருங்கியது.

350 என்பதே தாராளமான எண்தான். கைவிடப்பட்ட மிதவைகள் இதே தீவுகளின் பவளப்பாறைகளில் வந்து சிக்குகின்றன. நாளுக்கு விலை வைத்தவர்கள், அடுத்து மிதவைக்கும் ஒரு விலை வைத்தால் என்ன?