விக்ரோலி சாலையும் ஒரு ஜனாதிபதியின் பேனாவும்

விக்ரோலி ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் தாகூர் நகர். கிழக்கு விரைவு நெடுஞ்சாலையைக் கடந்தால் கன்னம்வார் நகர். 1962-63-ல் மகாராஷ்டிர முதல்வராக இருந்தவரின் பெயர். அதே சாலையில் தெற்கே காட்கோபர் பக்கம் போனால், தமிழர்களுக்குப் பழக்கமான பெயரில் காமராஜ் நகர். அந்தப் பக்கத்திலேயே அம்பேத்கரின் மனைவி ரமாபாய் பெயரில் ஒரு நகர். தலைவர்களின் பெயர்களுக்கு இந்தச் சாலையில் பஞ்சமில்லை. நீதிக்குத்தான் பஞ்சம் வந்தது.

1997 ஜூலை 11 காலை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. கொதித்துப்போன மக்கள் சாலையில் திரண்டார்கள். ரிசர்வ் போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். இரண்டே வாரத்தில், ஜூலை 25 அன்று, கே.ஆர். நாராயணன் நாட்டின் முதல் தலித் ஜனாதிபதியாகப் பதவியேற்றார்.

கேரளத்தின் உழவூரில் கூரை வீட்டில் பிறந்தவர். பள்ளிக்குப் பல கிலோமீட்டர் நடந்தவர். ஃபீஸ் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். 1945-ல் இதே பம்பாயில் பத்திரிகையாளராக மகாத்மா காந்தியைப் பேட்டி கண்டார். டாட்டா உதவித்தொகையில் லண்டன் போய் ஹெரால்ட் லாஸ்கியிடம் படித்தார். ராஷ்டிரபதி பவனுக்குள் நுழைந்த பிறகும் கேட்பதை அவர் விடவில்லை.

1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் ஜனாதிபதி ஆட்சி கோரியது குஜ்ரால் அமைச்சரவை. முதல்வர் கல்யாண் சிங் சட்டசபையில் பெரும்பான்மையை நிரூபித்திருந்தார். பெரும்பான்மையைச் சபையில்தான் சோதிக்க வேண்டும் என்று 1994-ல் பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. நாராயணன் கோப்பைத் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை பின்வாங்கியது. 1998 செப்டம்பரில் வாஜ்பாய் அரசின் பிகார் பரிந்துரைக்கும் அதே கதி. ஆனால், மறுபடி வந்தால் ஜனாதிபதி ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். 1999 பிப்ரவரியில் பிகார் கோப்பு மறுபடி வந்தது. கையெழுத்திட்டார்.

சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் நியமனக் கோப்பில், தலித்துகள், பழங்குடியினர் போன்ற நலிந்த பிரிவினரில் தகுதியானவர்களையும் பரிசீலிக்கலாமே என்று அவர் எழுதிய குறிப்பு 1999 ஜனவரியில் வெளியே தெரிந்து சர்ச்சையானது. 2000-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். 2007-ல் முதல் தலித் தலைமை நீதிபதி. நாராயணனைப் போல அவரும் கோட்டயம் மாவட்டத்துக்காரர்.

நாராயணன் பெயரைச் சொல்லப் பெரிய சட்டம் எதுவும் இல்லை. காரணம் கேட்கலாம், ஒரு முறை திருப்பி அனுப்பலாம். ஜனாதிபதியின் அதிகாரம் அவ்வளவுதான். அது தாளில் எல்லா ஜனாதிபதிகளுக்கும் உண்டு. வகுப்பு வாசலில் நின்றவருக்கு அதன் மதிப்பு கூடுதலாகத் தெரிந்திருந்தது.

ரமாபாய் நகரில் சுட உத்தரவிட்ட போலீஸ் அதிகாரிக்கு செஷன்ஸ் கோர்ட் ஆயுள் தண்டனை விதித்தது 2009-ல். மேல்முறையீட்டில் ஜாமீனும் கிடைத்தது. நாராயணன் 2005-லேயே காலமாகிவிட்டார். விக்ரோலியிலிருந்து ரமாபாய் நகருக்கு நெடுஞ்சாலையில் சில நிமிடப் பயணம். தீர்ப்பு வந்து சேர 12 ஆண்டு.