கடல் இல்லாத ஊர்க்காரன் கடற்கரையில் பார்த்த கூத்து!

தருமபுரி மாவட்ட மேப்பை ஒரு தடவை விரிச்சுப் பாருங்க. மலை இருக்கும், காடு இருக்கும், பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம் இருக்கும், ரோட்டோரமெல்லாம் புளியமரம் இருக்கும். கடல் மட்டும் இருக்காது. எங்களுக்கு வாய்ச்ச ஒரே ‘பீச்’ ஒகேனக்கல்தான். பாறை, மணல், தண்ணி, மசாலா தடவி எண்ணெயில பொரிச்ச மீன்... எல்லாம் கரெக்டா இருக்கும். அலைக்குப் பதிலா அருவி! ஆடிப்பெருக்குக்கு அங்கே அரசு விழா எடுத்து, மேடை போட்டு, ஆட்டம் பாட்டம்னு அமர்க்களப்படும். தண்ணி ஓரத்துக் கச்சேரின்னா எங்க கற்பனை அதோட முடிஞ்சுது.

அப்படிப்பட்ட ஊர்க்காரன் 2025 பொங்கலுக்கு நிஜக் கடற்கரைக்கே திருவிழா பார்க்கப் போனேன். அங்கே நான் பார்த்தது என்ன தெரியுமா? எங்க ஊரை!

இருங்க... அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

நான் ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்கல் படிச்சப்போ காலேஜ் கல்ச்சுரல்ஸ் கமிட்டியில இருந்தேன். பெரிய பதவின்னு நினைச்சுடாதீங்க. சீனியர்களுக்கு டீ வாங்கிட்டு வர்ற போஸ்ட். போர்டுல லைன்-அப் எழுதிட்டு இருந்தாங்க. குரூப் டான்ஸ், மைம், அடாப்-டியூன், ஃபேஷன் ஷோ, கடைசியில ‘ஹைலைட்’டா பெங்களூருலேர்ந்து ஒரு ராக் பேண்ட், ஒண்ணரை மணி நேரம். (எங்களுக்கு சென்னையை விட பெங்களூருதான் பக்கம். அதனால ராக் சீக்கிரம் வந்துடும்!) நடுவுல ‘ஃபோக்’னு ஒரு கட்டம். பத்து நிமிஷம்.

“டேய், கூத்து கட்டறவங்க யாரையாவது தெரியுமா உனக்கு?”னு ஒரு சீனியர் கேட்டார்.

“தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காருண்ணா”ன்னேன்.

அந்தத் ‘தெரிஞ்சவர்’ யார் தெரியுமா? எங்க அம்மாவோட கூடப் பொறந்த அண்ணன். என்னைத் தோள்ல தூக்கிட்டு சந்தைக்குப் போன தாய்மாமா. துரியோதனன் வேஷம் கட்டினார்னா சுத்துப்பட்டு ஊரெல்லாம் பேசும். ஆனா ‘கூத்தாடி’ங்கற வார்த்தையை நம்ம ஊர்ல எப்படிச் சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். கூட்டத்துல சொல்லிக்க எனக்கு வாய் வரலை. அவ்ளோதான் மேட்டர்.

ராத்திரி போன் போட்டேன். மாமா சிரிச்சார். “பத்து நிமிஷமா? மூஞ்சிக்கு அரிதாரம் பூசவே ரெண்டு மணி நேரம் ஆகும் மாப்ள. நீங்க நடத்துங்க”ன்னு வெச்சிட்டார். அந்தப் பத்து நிமிஷத்துல ஏதோ ஒரு சினிமா கிராமியப் பாட்டுக்கு எங்க பசங்களே வேட்டி கட்டிட்டு ஆடினாங்க. செம கைத்தட்டல். நானும் தட்டினேன்.

ஓகே, இப்ப கடற்கரை.

மொரப்பூர்ல ராத்திரி ரயில் பிடிச்சா விடியறதுக்குள்ள சென்ட்ரல். அன்ரிசர்வ்ட்ல பொங்கல் கூட்டம் எப்படி இருக்கும்னு வர்ணிச்சா இந்தப் பக்கமே பத்தாது. ஒரு கரும்புக்கட்டு மேல சாய்ஞ்சுதான் வந்தேன். அடையாறுல இருக்கற ஃப்ரெண்ட் வீட்ல பொங்கல் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, சாயங்காலம் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கு நடந்தோம். மணல்ல வெள்ளையா ஒரு வளைவு நிக்குமே... கடல்ல தத்தளிச்சவங்களைக் காப்பாத்தப் போய் 1930-ல உயிரை விட்ட கார்ல் ஷ்மிட்ங்கற டென்மார்க் மாலுமியோட நினைவுச் சின்னம். அந்தப் பேரைத் தெரியாமலேதான் அதுக்கு முன்னாடி பாதிப் பேர் செல்ஃபி எடுக்கறாங்க. நானும் எடுத்த பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நாங்க போனது ‘சென்னை சங்கமம் - நம்ம ஊரு திருவிழா’வுக்கு. 2007-ல ஆரம்பிச்சு, 2011-க்கு அப்புறம் நின்னுபோய், 2023-லேர்ந்து தமிழக அரசு மறுபடி நடத்தற விழா. 2025 பொங்கல் நாள்கள்ல சென்னையில 18 இடங்கள்ல மேடை போட்டிருந்தாங்க. அதுல எலியட்ஸ் பீச்சும் ஒண்ணு. நுழைவுக் கட்டணம் கிடையாது. பஜ்ஜி சாப்பிட வந்தவங்க, காத்து வாங்க வந்தவங்க, காதலிக்க வந்தவங்க எல்லாருமே ஆடியன்ஸ்!

முதல்ல பறை. தோலைத் தீயில காட்டி சூடேத்தி அடிச்ச முதல் அடியிலேயே என் ஃப்ரெண்டு கையில இருந்த சுண்டல் பொட்டலம் நின்னுடுச்சு. அப்புறம் கரகம், ஒயில், சிலம்பம்... ஒண்ணு முடிஞ்சா அடுத்தது, டக் டக்னு. கொங்குப் பக்கத்துத் துடும்பு வந்தப்போ பாருங்க, அந்தப் பெரிய முரசு அதிர்றது காதுல கேக்கலை, நெஞ்சுல கேட்டுது. எங்க காலேஜுக்கு வந்த பேண்டோட பேஸ் கிடார்ல அந்த அதிர்வு வரலை. இதை ராக் ரசிகனா ரொம்ப மனசு நொந்துதான் எழுதறேன்.

அடுத்து ஒரு துணியை ரெண்டு பேர் பிடிச்சுட்டு வந்து நின்னாங்க. எனக்கு மட்டும் புரிஞ்சுபோச்சு. கூத்து!

திரைக்குப் பின்னாடி சலங்கை குலுங்குது. கிரீடத்தோட நுனி மட்டும் தெரியுது. முகவீணை கடல் காத்தைக் கிழிச்சுட்டு எகிறுது. பக்கத்துல ஐஸ்க்ரீமோட நின்ன ஒரு பத்து வயசுப் பொண்ணு என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. “அண்ணா, யார் உள்ள?”

“துரியோதனன். இப்ப வெளியே வரமாட்டான். முதல்ல திரைக்குள்ளேர்ந்தே தன்னைப் பத்திப் பாடுவான். நடுவுல வம்பு இழுக்கறாரே, அவர் கட்டியங்காரன், காமெடி பண்ணிக்கிட்டே கதையையும் சொல்லுவாரு. தோள்ல றெக்கை மாதிரி இருக்குல்ல, அது மரத்துல செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டினது...”

கேக்கக் கேக்கச் சொல்லிட்டே போறேன். திரும்பிப் பார்த்தா அவ அப்பா, அம்மா, பின்னாடி நின்ன நாலு காலேஜ் பசங்கன்னு ஒரு சின்னக் கூட்டமே என் பேச்சைக் கேக்குது. திரை விலகி அவர் கிறுகிறுன்னு சுத்தி நின்னப்போ எல்லாரும் விசில்.

“உங்களுக்கு எப்படிண்ணா இதெல்லாம் தெரியும்?”

“எங்க மாமா கூத்தாடி”ன்னேன். சொன்னதுக்கப்புறம்தான் என்ன சொன்னோம்னே உறைச்சுது. முன்னூறு கிலோமீட்டர் தாண்டி வந்து, முன்னப்பின்ன தெரியாத ஒரு குழந்தைகிட்ட!

அரை மணி நேரம்கூட இருக்காது. கூத்து முடிஞ்சு அடுத்த குழு ஏறிடுச்சு. அந்தப் பொண்ணு “அப்புறம் என்னாச்சு? துரியோதனன் செத்துட்டானா?”ன்னா. அதுக்குள்ள அவ அப்பா பார்க்கிங் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டார்.

இந்தக் கடற்கரைக்கு இப்படிக் கலந்து கட்டின லைன்-அப் புதுசில்லை. பக்கத்துலயே இருக்கற ஊரூர் ஆல்காட் குப்பத்துல 2015-லயே ஒரு விழா ஆரம்பிச்சாங்க. பாடகர் டி.எம்.கிருஷ்ணா, எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன், குப்பத்து மக்கள் எல்லாம் சேர்ந்து. சபாவுக்குள்ள இருக்கற கர்னாடக இசையும் பரதநாட்டியமும் மீனவர் குப்பத்துக்கு வந்தது. அங்கேயே பறையும் வில்லுப்பாட்டும் கட்டைக்கூத்தும் ஏறினது. 2016-ல விழாவுக்கு முன்னோட்டமா ஓடற மாநகர பஸ்ஸுக்குள்ளயே பாட்டுக் கச்சேரி! எங்க ஊர் டவுன் பஸ்ல அப்படி ஒருத்தர் பாடினா கண்டக்டர் டிக்கெட் கேப்பார். அதே மாதிரி, கோவளத்துல 2013-ல தொடங்கின அலைச்சறுக்கு விழாவுல பகல்ல அலை மேல போட்டி, ராத்திரி மணல்ல பேண்ட் கச்சேரி. அலைச்சறுக்கைத் தானா கத்துக்கிட்டு, மத்த மீனவப் பசங்களுக்கும் சொல்லிக்கொடுத்த மூர்த்தி மேகவனோட ஊர் அது.

‘கிடாரும் பறையும் ஒண்ணா ஓடுமா?’ன்னு கேக்கறவங்களுக்கு 2018 ஜனவரியிலயே பதில் வந்தாச்சு. இயக்குநர் பா.இரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கின ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன ‘சாதி பேதமற்ற’ங்கற சொல்லிலேர்ந்து வந்த பேர் அது. எங்க ஹாஸ்டல்ல மெட்டல் மட்டுமே கேக்கற ஒருத்தன்கூட இவங்க பாட்டை ரிங்டோனா வெச்சிருந்தான். ஒண்ணைக் கேக்க வந்தவன் காதுல இன்னொண்ணு விழுறதுதான் கலந்து கட்டின லைன்-அப்போட லாபம். சுண்டல் வாங்க வந்தவன் துடும்பு கேட்டுட்டுப் போறான்.

நஷ்டம் என்னன்னு எங்க ஊருக்குத் திரும்பினப்புறம்தான் புரிஞ்சுது.

கோடையில எங்க பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்கள்ல பாரதம் நடக்கும். நாள்கணக்குல! மத்தியானம் பிரசங்கியார் பாரதக் கதை சொல்வார். ராத்திரி அந்தக் கதையே கூத்தா நடக்கும். பத்து மணிக்கு மேல மத்தளமும் தாளமும் மட்டும் வெறுமனே முழங்கும். ஊரைக் கூட்டறதுக்கு. அப்புறம் பிள்ளையார், கட்டியங்காரன், ஒவ்வொரு வேஷமா திரையில வந்து அறிமுகம் ஆகவே நடுராத்திரி தாண்டிடும். கதையோட உச்சம் விடியக்காலை. அர்ச்சுனன் தபசுன்னா பனைமர உயரத்துக்குக் கம்பம் நட்டு, வேஷக்காரர் பாடிக்கிட்டே படி படியா ஏறுவார். மேலேர்ந்து அவர் வீசற எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தை இல்லாதவங்க கீழே மடியேந்தி நிப்பாங்க. இதை எப்படி அரை மணி நேரமா வெட்டுவீங்க? கடற்கரையில பார்த்தது ட்ரெய்லர். படம் இங்கதான் ஓடுது.

ஆனா படத்துக்கு ஆள்? அதைச் சொல்லியே ஆகணும். போன கோடையில மாமா ஆடின ராத்திரி, ஊரோட இன்னொரு கோடியில லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா. என் வயசுப் பசங்க மொத்தமும் அங்கே. கூத்து முன்னாடி உக்காந்திருந்தது பெரும்பாலும் பாட்டிங்க, போர்வைக்குள்ள தூங்கற வாண்டுங்க. சின்ன வயசுல நானும் அப்படித் தூங்கினவன்தான். ஒருநாள்கூட கிளைமாக்ஸ் பார்த்ததில்லை. இந்தத் தடவை ரெண்டு டம்ளர் சுக்குக் காபியோட உக்காந்தேன்.

மூணு மணி இருக்கும். கூட்டம் இன்னும் கரைஞ்சிருந்தது. மாமா அதைக் கண்டுக்கவே இல்லை. இருபது பேருக்கு ஆடறதும் ரெண்டாயிரம் பேருக்கு ஆடறதும் அவருக்கு ஒண்ணுதான் போல. குரல் கரகரத்துப்போய், வேர்வையில அரிதாரம் கோடு கோடா இறங்கி, அந்தக் களைப்பே துரியோதனனோட களைப்பா மாறிடுச்சு. அந்த முகத்தை ராத்திரி எட்டு மணிக்கு மேடையில வரவழைக்க முடியாது. அதுக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆடியிருக்கணும்.

கடைசி நாள் காலையில படுகளம். ஒரு பஸ் நீளத்துக்கு மேல மண்ணால துரியோதனனைச் செஞ்சு படுக்க வெச்சிருந்தாங்க. பீமன் அதோட தொடையில அடிச்சான். பொம்பளைங்க முறத்தாலயும் துடைப்பத்தாலயும் போட்டு வெளுத்தாங்க. திரௌபதி கூந்தல் முடிஞ்சா. வெயில் ஏறிடுச்சு. அப்போதான் அந்த பீச் பொண்ணு ஞாபகம் வந்தது. ‘செத்துட்டானா?’ன்னு கேட்டாளே... ஆமாம்மா, செத்துட்டான். காலையில.

வேஷம் கலைச்சிட்டிருந்த மாமாகிட்ட போனேன். தேங்காய் எண்ணெய் தடவித் துணியால தேய்ச்சிட்டிருந்தார். பாதி முகம் ராஜா, பாதி முகம் எங்க மாமா. “எங்க காலேஜ்ல ஆடறீங்களா? இந்தத் தடவை முக்கால் மணி நேரம் கேட்டு வாங்கறேன்”ன்னேன்.

“திரைக்குப் பின்னாடி நிக்கவே அது சரியாப் போயிடும்”னார். கொஞ்ச நேரம் கழிச்சு, “மேடை வேணாம், கிரவுண்டு போதும். உங்க கிடார்காரங்க எல்லாம் ஆடி முடிச்சப்புறம் விடு. எவனும் வாட்ச் பார்க்காத நேரமா. அப்புறம் என்னைக் கூப்பிட வர்றப்போ யாருன்னு சொல்லிக் கூப்பிடுவ?”

அந்தப் போன்ல ‘தெரிஞ்சவர்’னு நான் சொன்னது அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

இப்ப நான் தேர்ட் இயர். டீ வாங்க வேற ஜூனியர் வந்தாச்சு. திங்கட்கிழமை கமிட்டி மீட்டிங். ராக் பேண்டுக்கு அப்புறம், கடைசி ஐட்டமா, நேரம் போடாம ஒரு வரி எழுதணும். சீனியர் ஒருத்தர் இப்பவே “ஹாஸ்டல் கேட்டை பத்து மணிக்கு மூடிடுவாங்கடா, வார்டன் ஒத்துக்குவாரா?”ன்னு ஆரம்பிச்சுட்டார். மார்க்கர் வாங்கி பேக்ல வெச்சிருக்கேன்.